வடிவமைப்புக் கல்வியும் மாணாக்கன் வளர்ச்சியும்

காலையில் துயிலெழுந்தது முதல் இரவிற் கண்ணயர்வது வரையில் நம் கைகள் எண்ணிறந்த பொருள்களைத் தொடுகின்றன. காப்பி அருந்தும் தம்ளர், வகுப்பறையின் விசுப்பலகை, எழுதுகோல், கதவின் தாழ், விளக்கின் விசை ஆகிய இவற்றுள் ஒன்றேனும் தானாகத் தோன்றியதன்று. எவரோ ஒருவர், அல்லது தலைமுறை தலைமுறையாகப் பலர், இஃது இத்துணை அகலம், இத்துணைக் கனம், இவ்விடத்தே வளைவு என்று எண்ணித் துணிந்தனர். அங்ஙனம் எண்ணித் துணியும் தொழிலே வடிவமைப்பு எனப்படும்.

இத்தொழிலைக் கற்பதற்கென யாம் இக்கல்லூரியினின்று விடைபெற்றுச் சென்ற காலத்தில், "படம் வரையக் கற்பதற்கா இத்துணைப் பொருட்செலவு?" என்று உற்றார் பலர் வினவினர். அவ்வினாவுக்குத் தக்க விடை அன்று எம்மிடம் இல்லை. பயிற்சி முற்றிய பின்னர் அதனை மீண்டும் எண்ணிப் பார்க்கின்றோம். வடிவமைப்பு மாணாக்கன் கற்பன யாவை, அக்கல்வி அவனை எங்ஙனம் வளர்க்கின்றது என்பனவற்றை எம் தம்பியரும் தங்கையரும் அறியுமாறு ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் இக்கல்வியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். சென்னையில் அலெக்ஸாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-ஆம் ஆண்டில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதன் வழித்தோன்றலே இன்று சென்னை அரசினர் கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. ஜெர்மனி நாட்டு வைமார் நகரில் 1919-ஆம் ஆண்டில் வால்டர் குரோப்பியஸ் என்னும் கட்டடக் கலைஞர் பௌஹௌஸ் என்னும் பள்ளியை நிறுவினார். அப்பள்ளி 1925-இல் தெசௌ நகருக்கும், 1932-இல் பெர்லின் நகருக்கும் பெயர்ந்து, நாஜிகளின் நெருக்கடியால் 1933-இல் மூடப்பட்டது. பதினான்கு ஆண்டுகளே வாழ்ந்ததெனினும், வடிவமைப்புக் கல்வியில் அதன் சுவடு படியாத நாடு அரிது. 1922-ஆம் ஆண்டு டிசம்பரில் அப்பள்ளிக் கலைஞரின் ஓவியங்கள் கல்கத்தாவிற் காட்சிக்கு வைக்கப்பட்டமையும் ஈண்டு நினைவுகூரற்பாலது. நம் நாடு விடுதலை பெற்றபின், அமெரிக்க வடிவமைப்பாளராகிய சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் தம்பதியர், இந்திய அரசினர் அழைப்பிற்கிணங்கி இங்கு வந்து சுற்றிப் பார்த்து, 1958-ஆம் ஆண்டில் அறிக்கை ஒன்று அளித்தனர். அதன் பயனாக 1961-ஆம் ஆண்டில் அகமதாபாத்து நகரில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று.

நிற்க. இக்கல்வியால் மாணாக்கன் பெறும் திறன்களை மூன்றாக வகுத்துக் கூறலாம். அவையாவன: பொருளின் இயல்பறிதல், நேர்ந்ததைப் பயன்கொள்ளுதல், பயன்படுத்துவார் நிலையறிதல் என்பன.

முதலாவது, பொருளின் இயல்பறிதல். பௌஹௌஸ் பள்ளியிற் சேர்வோர் எவராயினும் முதலில் ஓர் அடிப்படைப் பயிற்சி பெறுதல் வேண்டும். அதனை நடத்திய ஆசிரியருள் ஒருவர் ஜோசப் ஆல்பர்ஸ். சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராயிருந்த அவர், 1920-ஆம் ஆண்டில் தம் முப்பத்திரண்டாம் வயதில் அப்பள்ளியில் மாணாக்கராய்ச் சேர்ந்து, 1923 முதல் ஆங்கே ஆசிரியரானவர். அவர் வகுப்பிற்குச் செய்தித்தாள் கட்டொன்றைக் கொணர்ந்து மாணாக்கருக்கு வழங்கி, "இத்தாளைக் கொண்டு யாதேனும் ஒன்று செய்க, தாளின் இயல்புக்கு மதிப்பளித்துச் செய்க, கத்தியும் பசையும் இன்றிச் செய்தல் நன்று" என்னும் கருத்துப்படப் பணித்துச் சென்றார். திரும்பி வந்து பார்த்தபோது, கோட்டைகளும் படகுகளும் விமானங்களும் விலங்குகளும் அவர் முன் நின்றன. அவையெல்லாம் வேறு பொருளில் இன்னும் நன்கு செய்யத்தக்கன என்று கூறி அவர் ஒதுக்கினார். ஒருவர் தாளை நீளவாட்டில் மடித்து நிறுத்தியிருந்தார், வேறொன்றும் செய்திலர். அதனையே ஆசிரியர் பாராட்டினார். மெல்லிய தாள், ஒரு மடிப்புப் பெற்றவுடன், தன் விளிம்பின்மேல் தானே நிற்கும் வலிமை பெறுகின்றது. தாளினாலன்றிப் பிறிதொன்றினால் அதனை அத்துணை எளிதிற் செய்யவொண்ணாது.

எம் பயிற்சியின் முதல் ஆண்டும் இவ்வாறே கழிந்தது. மரவேலைப் பட்டறையில் இழைப்புளி பிடிக்கக் கற்றோம். மரத்தின் இழையோட்டத்திற்கு எதிராக இழைத்தால் பலகை சிலும்பெழும் என்பதனை நூலிற் படித்திருந்தோம். எனினும், ஒரு முற்பகல் முழுவதும் இழைத்த தேக்குப்பலகை கையிற் பாழான அன்றுதான் அதனை அறிந்தோம். இக்கல்லூரியில் யாம் பயின்ற பாடங்களிற் பிழை நேர்ந்தால் ஆசிரியர் சிவப்பு மையாற் சுழிப்பார். பட்டறையிலோ பலகையே சுழிக்கின்றது. அதனோடு வாதாட இயலாது.

இரண்டாவது, நேர்ந்ததைப் பயன்கொள்ளுதல். இதற்குச் சான்றாவார் ஜோசப் ஆல்பர்ஸின் மனைவியாராகிய ஆனி ஆல்பர்ஸ் அம்மையார். 1899-ஆம் ஆண்டில் பெர்லினிற் பிறந்த இவ்வம்மையார் 1922-ஆம் ஆண்டில் பௌஹௌஸிற் சேர்ந்தார். கண்ணாடிப் பட்டறையிற் பயில விரும்பினார், அவ்விருப்பம் நிறைவேறவில்லை. ஆணும் பெண்ணும் நிகரென்று அறிவித்த அப்பள்ளியும் பெண்பாலாரைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பிற்று. நெசவு வலிமையற்றார் தொழில் என்றே அம்மையார் முதலில் எண்ணினார். ஆயினும் தறியின்முன் அமர்ந்தபின் நூலின் இயல்பு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. பெர்லினை அடுத்த பெர்னௌ என்னும் ஊரில் ஹான்னெஸ் மையர் என்னும் கட்டடக் கலைஞர் தொழிற்சங்கப் பள்ளி ஒன்றைக் கட்டினார். அதன் மண்டபத்திற்கெனச் சுவர்த்துணி ஒன்றினை அம்மையார் நெய்தார். பின்புறத்துப் பூம்பஞ்சு நூல் எதிரொலியை உறிஞ்சியது. முன்புறத்துச் செலோபேன் இழை ஒளியை மீள வீசியது. இதுவே 1930-ஆம் ஆண்டில் அவருக்குப் பட்டம் பெற்றுத் தந்தது. 1933-ஆம் ஆண்டில் கணவரோடு அமெரிக்கா சென்று, ஆங்குப் பிளாக் மௌண்டன் கல்லூரியிற் கற்பித்தார். 1949-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நவீனக் கலைக்கூடம் அவருடைய நெசவுகளைத் தனிக் காட்சியாக வைத்தது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அக்கூடம் அவ்வாறு தனிக் காட்சி அளித்தது அதுவே முதன்முறை.

இதனைக் கூறுங்கால் ஒன்றை மறைத்தலாகாது. கதவு அடைபட்டமை நன்றென்று யாம் கூறவில்லை. அம்மையாருக்கு இழைக்கப்பட்டது முறைகேடே. அடைபட்ட கதவின்முன் நின்று அழியாமல், கிடைத்த நூலை முழுதுற அறிந்தமையே அவர் பெருமை. விரும்பிய பாடம் கிடைக்காமையால் வருந்தும் மாணவர் நம் கல்லூரியில் ஆண்டுதோறும் உளர். அன்னார் இவ்வம்மையாரின் வரலாற்றை நினைவிற் கொள்வாராக.

மூன்றாவது, பயன்படுத்துவார் நிலையறிதல். மூன்றினுள்ளும் இதுவே அரியது. இதனை யாம் கற்ற வகை எமக்குப் புகழ் தருவதன்று. ஆயினும் பிறர்க்குப் பயன்படுமாதலின் உரைக்கின்றோம்.

இரண்டாம் ஆண்டில் மூத்தோர் பயன்படுத்தத்தக்க பொருளொன்றைச் செய்யுமாறு பணிக்கப்பட்டோம். எம் பாட்டியார் நாள்தோறும் மூன்று வேளை மாத்திரை உண்பவர். அவருக்கென ஒரு மருந்துப்பெட்டி செய்தோம். தேக்குப்பலகையில் மூன்று அறைகள். தவாளிப்பில் வழுக்கி ஓடும் மூடி. மூலைகளில் ஆணியின்றிப் பொருத்திய இணைப்புகள். மூடி ஒரு மயிரிழை இடமும் இன்றிப் பொருந்துமாறு பல இரவுகள் விழித்துழைத்தோம். உடன் பயின்றோர் வியந்து பாராட்டினர். ஆசிரியர் மட்டும் பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்து, "இஃது எவருடைய கைக்காகச் செய்யப்பட்டது?" என்று வினவினார். "மூத்தோர் அனைவருக்கும்" என விடையிறுத்தோம். அவர் மேலும் ஒன்றும் கூறாது அப்பாற் சென்றார். அம்மௌனத்தின் பொருள் எமக்கு அப்போது விளங்கவில்லை.

விடுமுறையில் பெட்டியைப் பாட்டியாருக்கு அளித்து மீண்டோம். சில திங்கள் கழித்து அவர் மயங்கி விழுந்தார் என்று செய்தி வந்தது. ஓடிச் சென்று பார்த்தபோது, பெட்டி அலமாரியில், புகைப்படங்களின் அருகே, துடைத்துப் பளபளப்பாக வைக்கப்பட்டிருந்தது. மாத்திரைகள் யாவும் அவர் இடுப்பிற் செருகிய சுருக்குப்பையில், வெற்றிலை பாக்கோடு ஒன்றாகக் கலந்து கிடந்தன. இரத்த அழுத்த மாத்திரையை ஒரே நாளில் இருமுறை உண்டிருந்தார். இறையருளால் இரண்டு நாளில் தேறினார். பெட்டியை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டோம். "பொட்டி அழகாத்தான் இருக்கு, கண்ணு. அதைத் தொறக்கத்தான் எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றார். முடக்குவாதத்தால் வளைந்த அவர் விரல்களை அன்றுதான் யாம் உற்று நோக்கினோம். இருபது ஆண்டுகளாக எமக்குச் சோறூட்டிய விரல்கள் அவை. பெட்டிக்காகப் பலகையை அளந்தோம், அறைகளை அளந்தோம், அவ்விரல்களை ஒருமுறையேனும் அளந்தோமில்லை.

அப்போது ஈம்ஸ் தம்பதியரின் அறிக்கை நினைவுக்கு வந்தது. இந்நாட்டிற் கண்ட பொருள்களுள் அவர்கள் மிகவும் போற்றியது லோட்டா எனப்படும் எளிய செம்பினையே. அது கொள்ளும் நீரின் அளவு, அதனைத் தூக்குவார் கையின் அளவும் வலிமையும், தலையிலோ இடுப்பிலோ கையிலோ சுமக்கும் முறை, நிறைந்தபோதும் குறைந்தபோதும் அதன் நிலைபேறு, ஊற்றும்போது நீர் விழும் வகை, கழுவுதற்கு எளிமை, விலை என எத்தனையோ வினாக்களை அவர்கள் அடுக்கி, இவ்வனைத்திற்கும் விடையாய் நிற்கும் செம்பினை ஒருவர் தனியே அமைத்திலர், பல தலைமுறையினர் சிறிது சிறிதாகத் திருத்தி அமைத்தனர் என்று உணர்த்தினர். அவ்வறிக்கையை யாம் தேர்விற்காகப் படித்து நன்மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம். ஆயின், எம் வீட்டுச் சுருக்குப்பையும் அச்செம்பின் இனத்தது என்று எமக்குத் தோன்றவில்லை. அதனைத் திறக்க விரல் நுனியின் வலிமை வேண்டா. இரு கைகளையும் வாயினுள் நுழைத்து விரித்தாற் போதும். நூலை இழுத்தால் மூடிக்கொள்ளும். விழுந்தால் உடையாது, உடலைவிட்டு நீங்காது. எம் தேக்குப்பெட்டியிடம் இவற்றுள் ஒன்றும் இல்லை.

பின்னர்ப் பாட்டியாரின் அருகமர்ந்து, அவர் கையாலேயே துணியும் நூலும் தெரிவு செய்வித்து, மூன்று சுருக்குப்பைகள் தைத்தோம். மங்கிய ஒளியில் நிறம் அவருக்குத் தெரியாதாதலின், காலைப் பையின் நூலில் ஒரு மணியும், நண்பகற் பையில் இரண்டும், இரவுப் பையில் மூன்றும் கோத்தோம். முதலிற் கோத்த மணிகள் சிறியன. அவர் விரலுக்கு எண்ணிக்கை புலப்படவில்லை. அவற்றை நீக்கிப் பெரியன கோத்தோம். அதன்பின் கண்ணை மூடிக்கொண்டே பையை இனங்கண்டார். இப்பைகளுக்கு எமக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. மதிப்பீடு முன்னரே முடிந்துவிட்டது. பாட்டியார் தம் இறுதிக்காலம் வரையில் அவற்றைப் பயன்படுத்தினார்.

மேற்கூறியவற்றால், வடிவமைப்புக் கல்வி தரும் வளர்ச்சி யாது என்பது ஒருவாறு விளங்கும். கை பழகுகின்றது, கண் கூர்மை பெறுகின்றது, இவை வேண்டுவனவே. ஆயினும் "நன்று" என்று பிறர் கூறிய தன் படைப்பைத் தானே எடுத்து ஒதுக்கிவைக்கும் மனத்துணிவு இவற்றினும் பின்னரே வருகின்றது. அதனை நாணத்தின் வாயிலாகவே பலர் பெறுகின்றனர். யாமும் அவ்வாறே பெற்றோம்.

இக்காலத்தில் கணினியானது, கேட்ட அளவில், நொடிப்பொழுதில் நூறு பெட்டிகளின் வடிவங்களை வரைந்து காட்டுகின்றது. ஆதலின் இனி இக்கல்வி எதற்கு என்று வினவுவாரும் உளர். வரைதல் எளிதாயிற்று என்பது மெய்யே. அதனை யாம் வெறுக்கவில்லை, நாள்தோறும் கையாளுகின்றோம். ஆயின் அந்நூற்றுள் எது தகும் என்று துணிதற்கு, ஒரு முதியவரின் அருகமர்ந்து அவர் விரல் மடங்கும் அளவைக் காண ஒருவர் வேண்டும். வடிவங்கள் பெருகப் பெருக அங்ஙனம் அமர்வாரின் தேவையும் பெருகுகின்றது.

பிறர்க்கு ஊழியம் செய்தற்பொருட்டே கல்வி என்று இக்கல்லூரிச் சிற்றாலயத்தில் பன்முறை கேட்டிருக்கின்றோம். அன்று அஃது ஓர் அறவுரையாகவே செவியிற் புகுந்தது. பட்டறையில் நுழைந்த பின்னரே, அது தொழில் நுட்பமும் ஆம் என்று தெளிந்தோம். மருத்துவம் பயில்வோரும், சட்டம் பயில்வோரும், ஆசிரியராக விரும்புவோரும் தத்தம் வேலையைத் தொடங்குமுன், எம் ஆசிரியர் வினவிய அவ்வொரு வினாவைத் தமக்குத் தாமே வினவிக்கொள்வாராக: இஃது எவருடைய கைக்காகச் செய்யப்படுகின்றது? அத்தேக்குப்பெட்டி இன்றும் எம் மேசைமேல் இருக்கின்றது. அதன் மூடி இன்றும் மிக இறுக்கமாகவே பொருந்துகின்றது.