வலமும் இடமும் கலந்த மடல்

தில்லியில் வாழும் தமிழன்பர்களுக்குப் பல எழுத்துகள் ஓரிடத்தில் கூடி நிற்கும் காட்சி புதிதன்று. மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளியின் வாயிலில் தமிழைக் காண்கிறோம். குருத்துவாராவில் குர்முகியைக் காண்கிறோம். 2000-ஆம் ஆண்டின் தில்லி ஆட்சிமொழிச் சட்டம் இந்தியோடு பஞ்சாபிக்கும் உருதுவுக்கும் இடமளித்தது. ஆகவே நகரின் தெருப் பலகைகள் பலவற்றில் ஆங்கிலத்தையும் சேர்த்து நான்கு எழுத்துகள் விளங்குகின்றன. இவற்றுள் உருது ஒன்றே வலமிருந்து இடமாகச் செல்வது. ஹுமாயூன் சாலையில் 1956-இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடத்துக்குரிய எபிரேய எழுத்தும் அத்தகையதே.

பலகை எழுதுபவர் கண்ணால் இடம் பார்த்து எழுதிவிடுகிறார். மின்னஞ்சலில் அவ்வாறு பார்ப்பவர் எவருமில்லை. விதி ஒன்றே உண்டு. உருது நண்பர் ஒருவர் தம் இல்லத் திருமணத்துக்கு நம்மை அழைத்து மடல் விடுக்கிறார் என்று கொள்வோம். மடலின் நடுவே ஆங்கிலத்தில் மண்டபத்தின் பெயர் இருக்கிறது. திரையிலோ சொற்றொடர் முன்பின்னாகத் தோன்றுகிறது. முற்றுப்புள்ளி முதலில் நிற்கிறது. கதவெண் 12-7 என்பது 7-12 ஆகிவிடுகிறது. அதை நம்பிச் செல்பவர் வேறொருவர் வாயிலில் போய் நிற்பார்.

இது எதனால் நேர்கிறது? இதற்கு விடை நம் தமிழிலேயே இருக்கிறது. ‘கொடு’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்கு முதலில் தெரிகிறது. ஆனால் நாவில் முதலில் பிறப்பது ககர மெய்யே. யூனிகோடு முறையில் கணினியும் ககரத்தை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னரும் வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் கொம்பை இடப்புறம் நிறுத்துகிறது. உள்ளே இருப்பது சொல்லும் வரிசை. திரையில் தெரிவது காட்டும் வரிசை. எபிரேயத்துக்கும் உருதுவுக்கும் இதுவே அடிப்படை.

காட்டும் வரிசையைக் கணினி எங்ஙனம் முடிவு செய்கிறது? ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு திசை உண்டு. தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம். உருதுவும் எபிரேயமும் வலமிருந்து இடம். புள்ளி, இடைவெளி, பிறைக்கோடு முதலியவற்றுக்குச் சொந்தத் திசை இல்லை. அவை அண்டை எழுத்துகளைப் பின்பற்றும். அண்டையில் இருபுறமும் வேறுபட்டால், பத்தியின் திசையைப் பின்பற்றும். பத்தியின் திசையை மடல் தெளிவாகக் குறிப்பிடாதபோது, பெரும்பாலும் அதன் முதலெழுத்தே அதைத் தீர்மானிக்கும். எனவே உருது மடல் ஆங்கிலச் சொல்லொன்றோடு தொடங்கினால், பத்தி முழுவதும் இடமிருந்து வலமாக அடுக்கப்படும். ஒவ்வோர் உருதுத் துண்டும் தனக்குள் சரியாகவே இருக்கும்; துண்டுகளின் வரிசைதான் மாறிப்போகும்.

எண்களில் ஒரு நுட்பம் உண்டு. எண்ணின் இலக்கங்கள் எங்கும் இடமிருந்து வலமாகவே செல்லும். ஆயினும் உருது எழுத்துக்குப் பின் வரும் இரண்டு எண்களுக்கிடையே சிறுகோடு இருந்தால், அவ்விரு எண்களும் இடம் மாறித் தோன்றும். தொலைபேசி எண்ணின் தொடக்கத்திலுள்ள 011 இறுதிக்குச் செல்வது இதனாலேயே. எபிரேயத்தில் இம்மாற்றம் நேர்வதில்லை. சிறுகோட்டுக்குப் பதிலாகச் சாய்கோடு இட்டு 12/7 என எழுதினால் உருதுவிலும் வரிசை மாறாது.

நிற்க. குறைபாடு கண்டவிடத்து முதலில் அது எவ்வகையது என்று தெளிதல் வேண்டும். எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்கள் தோன்றினால் எழுத்துரு இல்லை என்று பொருள். வரிசையாகக் கேள்விக்குறிகள் தோன்றினால் எழுத்துகள் பெரும்பாலும் வழியிலேயே அழிந்தன; மடலை மீண்டும் அனுப்பச் சொல்வதே வழி. எழுத்துகள் எல்லாம் இருந்து வரிசை மட்டும் குழம்பினால் கவலை வேண்டா. மடல் பழுதின்றி வந்திருக்கிறது, காட்டும் திசையே தவறியது.

இதற்குப் பரிகாரம் எளிது. மடல் எழுதும் பெட்டியில் பத்தியின் திசையை மாற்றும் பொத்தான் இருந்தால் அதை அழுத்துக. விண்டோஸ் கணினியில் உருது அல்லது எபிரேய விசைப்பலகையைச் சேர்த்திருப்பவர், பல இடங்களில் கண்ட்ரோல் விசையோடு வலப்புற ஷிஃப்ட் விசையை அழுத்தினால் பத்தி வலமிருந்து தொடங்கும்; இடப்புற ஷிஃப்ட் அதை மீட்கும். முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தனி வரியில் எழுதுக. புள்ளியோ பிறைக்கோடோ இடம் மாறினால், அதையடுத்துக் கண்ணுக்குத் தெரியாத திசைக்குறி ஒன்றை இடலாம். யூனிகோடு இதற்கெனவே அத்தகைய குறிகளை வைத்திருக்கிறது.

செய்யத் தகாதது ஒன்றுண்டு. நம் திரையில் அழகாகத் தோன்ற வேண்டுமென்று எழுத்துகளையும் எண்களையும் கையால் முன்பின்னாக மாற்றிவைத்தல் கூடாது. நம் கண்ணுக்கு நேராகும் அது, பெறுபவர் திரையில் கோணலாகும். முற்காலத்தில் எபிரேய மடல்கள் பல, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன. 1993-இல் வெளியான எபிரேய மின்னஞ்சல் விதிக்குறிப்பு, மடல் எந்த வரிசையில் உள்ளதென்பதைத் தலைப்பிலேயே அறிவிக்க வழிசெய்தது. அவ்வறிவிப்பு இல்லாத பழைய மடல்கள் இன்றைய கணினியில் தலைகீழாகத் தோன்றக்கூடும். நம் தமிழிலும் டிஸ்கி என்னும் பழைய குறியீடு கொம்பை முன்னே வைத்துச் சேமித்தது. அம்முறையில் எழுதிய மடல்களை மாற்றியமைத்தே இன்று படிக்கிறோம்.

ஆகவே அன்பர்களே, எழுத்தைச் சொல்லும் வரிசையிலேயே எழுதுங்கள். திசையை மட்டும் கணினிக்கு அறிவியுங்கள். அப்போது அண்டை வீட்டார் அழைப்பும் நம் மறுமொழியும் உரிய வாயிலைத் தவறாது சென்றடையும்.