பொதியும் பதிப்புகளும்: தொடர் ஒருங்கிணைப்புச் சோதனை பற்றிய ஒரு நோக்கு

பலர் எழுதும் நிரலை அடிக்கடி ஒன்றுசேர்த்து, ஒவ்வொரு முறையும் தானியக்கமாகச் சோதித்தறியும் நெறி தொடர் ஒருங்கிணைப்பு எனப்படும். 1990களின் இறுதியில் கென்ற் பெக் முன்வைத்த அதீத நிரலாக்க நெறியில் இது சிறப்பிடம் பெற்றது. ஆயின், பிறர் தம் மென்பொருளிற் சேர்த்துக்கொள்ளும் பொதியொன்றுக்கு இந்நெறியைக் கையாளுமிடத்துப் புதியதொரு வினா எழுகின்றது. பொதியைப் பயன்படுத்துவோர் யாவரும் ஒரே பதிப்புச் சட்டகத்தை வைத்திருப்பதில்லை. எனவே எப்பதிப்பிற் சோதிப்பது?

ஜாவாஸ்கிரிப்ற் சட்டகங்களுள் ஒன்றாகிய எம்பர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 2013இல் 1.0 பதிப்பைக் கண்ட இச்சட்டகம், ஆறு வாரத்துக்கொரு முறை புதுப் பதிப்பை வெளியிடும் வழக்கத்தை மேற்கொண்டது. அவற்றுட் சில நீண்டகால ஆதரவுப் பதிப்புகளாகப் பேணப்படுகின்றன. எம்பர்-ட்ரை எனும் கருவி, சட்டகத்தின் பதிப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி நிறுவி, அதே சோதனைகளை மீள இயக்குகின்றது. நீண்டகாலப் பதிப்பிலோ நடப்புப் பதிப்பிலோ சோதனை தவறின், அதனைத் திருத்தாமல் நிரலை இணைத்தலாகாது. இன்னும் வெளிவராத முன்னோட்டப் பதிப்பில் தவறின், அது வருமுன் கிடைத்த எச்சரிக்கையாகும்.

2019 நவம்பரில் யாவருக்கும் திறந்துவிடப்பட்ட கிற்ஹப் அக்சன்ஸ் சேவையில் இதனை அமைப்பது எளிது. எப்பொழுது, எந்த நோட் பதிப்பில், எக்கட்டளைகளை இயக்குவது என்பதை ஒரு கோப்பில் எழுதிவைத்தல் போதுமானது. பதிப்புகளை அணியாக நிரற்படுத்தின் அவை ஒருங்கே சோதிக்கப்படும். ஒன்று தவறியவுடன் ஏனையவற்றைக் கைவிடுவது அச்சேவையின் இயல்பாதலின், அதனை முடக்கிவிடல் வேண்டும். அன்றேல், பழுது ஒரு பதிப்புக்கு மட்டும் உரியதா, அனைத்துக்கும் பொதுவானதா என்பது புலப்படாது.

இங்கு சிறப்பாகக் கருதவேண்டியது பூட்டுக்கோப்பாகும். 'என்.பி.எம். சி.ஐ.' எனும் கட்டளை அக்கோப்பிற் குறித்த பதிப்புகளையே நிறுவும். ஆனால் வெளியிடப்படும் பொதியுடன் அப்பூட்டுக்கோப்பு செல்வதில்லை. ஆசிரியர் 2.3.0 பதிப்புடன் சோதித்திருக்க, பயனரிடம் 2.9.0 பதிப்பு சென்றடையக்கூடும். ஆகவே, பூட்டுக்கோப்பின்றி நிறுவிச் சோதிக்கும் ஓட்டமொன்றும் தனியே தேவைப்படுகின்றது. 2016 மார்ச்சில் லெஃப்ற்-பாட் எனும் 11 வரிப் பொதி நீக்கப்பட்டபோது, அதனைப் பெயரளவிலும் அறியாத பலரின் மென்பொருளாக்கம் தடைப்பட்டது. தாம் ஒரு வரியும் மாற்றாதபோதும் பழுது நேரலாம் என்பதை அந்நிகழ்வு உணர்த்திற்று.

இக்காரணம் பற்றியே நிரல் மாறும்போது மட்டுமன்றி, வாரந்தோறும் சோதனை இயங்குமாறு அமைத்தல் நன்று. எனினும், பொதுக் களஞ்சியத்தில் 60 நாட்கள் செயற்பாடு எதுவும் இல்லாவிடின் கிற்ஹப் இவ்வாரச் சோதனையை நிறுத்திவிடும். கவனிப்பாரற்ற பொதிக்கே காவல் மிகத் தேவை. அதற்கே அது இல்லாமற் போகின்றது.

சோதனை அணியில் இடம்பெறும் பதிப்புகளின் பட்டியல், பயனருக்கு ஆசிரியர் அளிக்கும் வாக்குறுதி எனலாம். அதிலிருந்து ஒரு பதிப்பை நீக்குவோர், பொதியின் முதன்மைப் பதிப்பெண்ணை உயர்த்தி அதனை வெளிப்பட அறிவித்தலே முறையாகும்.