வயலோரக் கதிர்கள்



பழைய ஏற்பாடு நமக்கு எதற்கு என வினவுவோர் உளர். அந்நூல்களைக் கிறிஸ்தவர்கள் வணக்கத்துடன் ஏற்க வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பணித்தது. நம் பங்கிலும் சிலர் வாரந்தோறும் கூடி அவற்றைக் கற்று வருகின்றனர்.

அண்மையில் ரூத்து நூலை வாசித்தோம். நான்கே அதிகாரங்கள். மோவாபிய விதவையான ரூத்து, பெத்லகேமில் போவாசின் வயலில் கதிர் பொறுக்குகிறாள். போவாசின் தயாளத்தை நாம் புகழ்ந்துகொண்டிருந்தோம். அப்போது கூலிவேலை செய்யும் கைம்பெண் ஒருவர், "சுவாமி, அது அவர் இட்ட பிச்சையா? அவளுக்குரிய பங்கா?" என்றார்.

லேவியர் நூலின் 19-ஆம் அதிகாரத்தைப் புரட்டினோம். வயலோரம்வரை அறுக்கலாகாது, சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது, அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை. இது சட்டம். அரிக்கட்டுகளிலிருந்தும் கதிர்களை உருவிப்போடச் செய்தாரே, அதுவே போவாசின் தயாளம்.

"போன அறுப்பில் கதிர் பொறுக்கிய என்னைத் திருடி என்று விரட்டினார்கள்" என்றார் அவ்வம்மையார். நிலமுடைய அன்பர் ஒருவர் தலைகுனிந்தார். ஆண்டுதோறும் பிரசங்கத்தில் தருமத்தைப் புகழ்ந்து, நீதியை மறந்த நாமும் தலைகுனிந்தோம்.

அன்பர்களே, ஏழையின் பங்கை ஏழைக்கு விட்டபின் அன்றோ நம் தருமம் தொடங்குகிறது? வரும் அறுவடையில் நம் வயலோரங்களை நினைவுகூர்வோமாக!