மெழுகுவர்த்தி அணைந்த பிறகு தண்ணீர் ஏறுவது ஏன்?

தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடித் தம்ளர். சிறிது நேரத்தில் சுடர் அணைகிறது. தண்ணீர் தம்ளருக்குள் ஏறுகிறது. மாணவர்கள் வீட்டிலேயே செய்து மகிழும் சோதனை இது. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே பைசாந்தியத்தைச் சேர்ந்த ஃபிலோ இதை விவரித்துள்ளார்.

"காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது" என்பதே நாம் வழக்கமாகத் தரும் விளக்கம். கேட்கப் பொருத்தமாகத் தோன்றினாலும் இது சரியன்று. சோதனையைக் கூர்ந்து கவனிக்கும் மாணவரே இதை மறுத்துவிடுவார்.

கவனிக்க வேண்டியவை

ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால், சுடர் எரியும்போதே தண்ணீர் சீராக ஏற வேண்டும். ஆனால், பெரும்பகுதி ஏறுவது சுடர் அணையும் தறுவாயிலும் அணைந்த பின்னும்தான். தம்ளரைக் கவிழ்த்தவுடன் விளிம்பின் கீழிருந்து சில குமிழிகள் வெளியேறுவதையும் காணலாம்.

மேலும், ஆக்சிஜன் முழுவதும் தீர்வதில்லை. அதன் அளவு சுமார் 16 சதவீதத்துக்குக் குறைந்ததுமே சுடர் அணைந்துவிடும். மெழுகு எரிய 3 பங்கு ஆக்சிஜன் செலவானால், ஏறத்தாழ 2 பங்கு கார்பன் டை ஆக்சைடு உண்டாகி இடத்தை அடைத்துக்கொள்கிறது. அது தண்ணீரில் உடனே கரைந்துவிடுவதும் இல்லை.

உண்மைக் காரணம்

சுடரின் வெப்பத்தால் உள்ளிருக்கும் காற்று விரிவடைந்து, ஒரு பகுதி வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் மீதமுள்ள காற்று குளிர்ந்து சுருங்குகிறது. எரிதலில் உண்டான நீராவியும் குளிர்ந்து நீராகிறது. உள்ளே அழுத்தம் குறைவதால், வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது.

மாணவர்களே சோதித்தறிய மூன்று வழிகள்

1. ஒரே அளவுள்ள சிறு மெழுகுவர்த்திகளைக் களிமண்ணில் நிறுத்தி, முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று எனச் செய்ய வேண்டும். தம்ளர் ஒன்றே, அதில் உள்ள ஆக்சிஜனும் ஒரே அளவே. ஆனாலும் மெழுகுவர்த்திகள் கூடக்கூடத் தண்ணீர் அதிகம் ஏறும். கூடியது வெப்பம்தானே!

2. சுடரே வேண்டாம். கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரால் காலிக் கண்ணாடிப் புட்டியைக் குலுக்கிக் கழுவி, நீரைக் கொட்டிவிட்டு, உடனே தட்டிலுள்ள தண்ணீரில் கவிழ்க்க வேண்டும். புட்டி ஆற ஆறத் தண்ணீர் உள்ளே ஏறும். இங்கே எதுவும் எரியவில்லை.

3. ஆக்சிஜனின் அளவைக் காண இரும்பு துருப்பிடித்தல் ஏற்றது. உயரமான தம்ளரின் அடியில் ஈரமான இரும்பு நாரை அடைத்து, தண்ணீரில் கவிழ்த்துச் சில நாள்கள் வைக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகால் ஆன பாத்திரம் தேய்க்கும் நார் இதற்கு உதவாது. தட்டில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரும்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதற்கு ஈடாக வேறு வாயு எதுவும் வெளிவராது. எனவே தண்ணீர் மெல்ல ஏறி ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் என்பதற்கு இதுவே பொருத்தமான சான்று.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புகளில் "தண்ணீர் எப்போது ஏறியது?" என்ற ஒரு கேள்வியே போதும். உயர் வகுப்புகளில், இரு விளக்கங்களையும் கரும்பலகையில் எழுதி, "எது சரி என்று கண்டறிய என்ன செய்யலாம்?" என்று கேட்கலாம். முதல் சோதனையை மாணவர்களே முன்மொழியவும் கூடும். விடையைச் சொல்லும் முன், தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதைக் குறிப்பேட்டில் ஊகித்து எழுதச் செய்வது நல்லது.

வீட்டில் செய்யும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். துணி, தலைமுடி ஆகியவை சுடருக்கு அருகில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தம்ளர் ஆறும்வரை தொடக் கூடாது.

கண்ணால் கண்டதற்கும் புத்தகத்தில் படித்ததற்கும் இடையே முரண் தோன்றினால், அதைத் தயங்காமல் கேட்கலாம் என்ற துணிவை மாணவருக்குத் தருவதே இச்சோதனையின் பெரும்பயன்.