நிழல் வலை நாடாவின் விறைப்பும் அதனை ஒலியால் அளக்கும் முறையும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறிச் செல்வோர், ஏல நாற்றங்கால்களின்மேல் முன்னாளில் வேய்ந்த தழைப் பந்தலுக்குப் பதிலாகப் பல இடங்களில் பிளாஸ்டிக் நிழல் வலை கட்டியிருப்பதைக் காண்பர். ஆனி, ஆடி மாதங்களின் காற்றிலும் மழையிலும் வலை தொய்ந்து நாற்றின்மேல் விழுமாயின் ஒரு வருஷத்து நாற்று நஷ்டமாகும். ஆகையால் வலை வாங்கும் தோட்டக்காரர், அதன் நாடா இழுத்தால் எவ்வளவு நீளும், எத்தனை நாள் தாங்கும் என்று இரண்டு கேள்விகள் கேட்பது இயல்பே. முதற் கேள்விக்கு ஒலி விடை கூறும், இரண்டாவதற்குக் கூறாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பெரும் பிசகு.

பிளாஸ்டிக் என்பது மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. ஜெர்மானிய ரசாயன சாஸ்திரி ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-இல் இதனைக் கூறியபொழுது பலர் ஒப்பவில்லை. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உருக்கி வார்த்த பாலிஎத்திலீனில் இச்சங்கிலிகள் சிக்குண்ட நூல்போல் தாறுமாறாகக் கிடக்கும். ஆலையில் அதனைத் தகடாக்கி, நாடாவாக அறுத்து, சூடேற்றிப் பன்மடங்கு நீட்டும்பொழுது அவை நீளவாக்கில் வரிசைப்படுகின்றன. நீளவாக்கில் விறைப்பு மிகும். குறுக்குவாக்கில் பிடிப்புக் குறையும். வலையின் நாடா ஒன்றை நகத்தால் கீறினால் நீளவாக்கில் நார்நாராகப் பிரிவது இதனாலேயே.

இயற்கை நாரிலும் இதே விதிதான். தேங்காய் நாரின் நுண்ணிழைகள் மிகச் சாய்ந்து சுருளாக அமைந்திருப்பதால் அது வெகுவாக நீண்ட பின்பே அறும். கற்றாழை நாரில் சாய்வு குறைவு. ஆகவே நீட்சியும் குறைவு. கயிறு திரிப்போர் கருவியின்றியே அறிந்த விஷயம் இது.

விறைப்பான பொருளில் ஒலி விரைந்து செல்லும். மனிதர் செவிக்கு எட்டுவது செகண்டுக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரையில். அதற்கு மேற்பட்டது மீயொலி. நாடாவை லேசாக இழுத்துக் கட்டி, இரண்டு சிறு படிகங்களை அதன்மேல் தொடவைப்பர். மின்துடிப்பால் ஒன்று அதிரும். அவ்வதிர்வு நாடாவின் வழியே ஓடி மற்றதை அடையும். சென்ற காலத்தைக் கருவி செகண்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நுட்பமாகக் காட்டும். படிகம் தொடுமிடத்திலும் கருவியிலும் சிறிது தாமதம் உண்டாகையால், இடைவெளியைப் பலமுறை மாற்றி, கூடிய தூரத்திற்குக் கூடிய காலத்தை மட்டும் கணக்கிடல் வேண்டும்.

வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, அடர்த்தியாலும் பெருக்கினால் விறைப்பு வரும். உதாரணமாக, ஒரு கன மீட்டர் 950 கிலோ எடையுள்ள பாலிஎத்திலீனை எடுத்துக்கொள்வோம். நீட்டாத நாடாவில் ஒலியின் வேகம் செகண்டுக்கு 1,000 மீட்டராயின், விறைப்பு சதுர மீட்டருக்கு 95 கோடி நியூட்டன். நீட்டிய நாடாவில் வேகம் 2,000 மீட்டராயின் 380 கோடி. வேகம் இரட்டித்தால் விறைப்பு நான்கு மடங்காகும். அலையின் நீளம் நாடாவின் அகலத்தைவிட மிகப் பெரிதாயிருக்கும் வரையில் இக்கணக்குச் செல்லும். விசேஷ முறையில் மிகுதியாக நீட்டிய பாலிஎத்திலீன் இழைகளும் உண்டு. அவற்றில் ஒலி சுமார் 10,000 மீட்டர் வேகத்தில், அதாவது எஃகுக் கம்பியில் செல்வதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் செல்லும். விலை கருதின் அவை நாற்றங்காலுக்கு ஏற்றவையல்ல.

இனி எச்சரிக்கை. ஒலித்துடிப்பு கணத்தில் கடந்துவிடும். நாடாவோ வாரக்கணக்கில் பாரம் சுமக்கின்றது. பிளாஸ்டிக் பாரத்தின் கீழ் மெல்ல மெல்ல நீளும் தன்மையுடையதாகையால், ஒலி காட்டும் விறைப்பு பந்தலில் கிடைப்பதைக் காட்டிலும் அதிகமாகவே இருக்கும். அன்றியும் வெயில் சங்கிலிகளை அறுத்து நாடாவை நொறுங்கச் செய்யும்பொழுது, ஒலியின் வேகம் முதலில் அதிகம் குறைவதில்லை. விறைப்பு வேறு, உறுதி வேறு.

ஆகவே வலையின் கீழ்க் கம்பி கட்டித் தாங்கச் செய்வதும், மழைக்கு முன் தொய்வை இழுத்துக் கட்டுவதும் அவசியம். கரித்தூள் கலந்த கறுப்பு வலை வெயிலை அதிகம் தாங்கும். வாங்கிய அன்றே ஒரு முழத் துண்டை இருட்டறையில் வைத்து, ஆண்டுதோறும் பந்தலிலிருந்து எடுத்த இழையையும் அதனையும் கையால் இழுத்து ஒப்பிடலாம். சேத விவரம் எழுதும் கிராம அதிகாரிகள் வலை தொய்ந்ததா, அறுந்ததா என்பதைப் பிரித்தெழுதுவது நலம். முன்னது பெரும்பாலும் கட்டிய முறையின் குறை, பின்னது பெரும்பாலும் நாடா வெயிலில் கெட்டதன் குறை.