தொடர்மாடி வீடும் அடிக்காணி உரிமையும்

வேலியும் கிணறும் உள்ள சொந்த வளவே வீடு என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். 2009இல் போர் முடிந்தபின் யாழ். நகரில் காணி விலை உயர்ந்துவிட்டது. தொடர்மாடி வீடுகளை வாங்குவதும் விற்பதும் இங்கும் தொடங்கியுள்ளது. இவ்வேளையில், நாம் வாங்குவது எதனை என்று முதலில் விளங்கிக்கொள்ளுதல் அவசியமாகும்.

தொடர்மாடி வீட்டுடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அதற்கென வரையப்பட்ட வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட பின்னரே ஒவ்வொரு வீடும் தனி ஆதனமாகின்றது. நிலம், படிக்கட்டு, கூரை முதலியன வீட்டுரிமையாளர் அனைவருக்கும் பொதுவானவை. அவற்றில் அவரவர்க்குப் பிரிபடாத பங்குண்டு. அவற்றின் பராமரிப்பு, உரிமையாளர் அனைவரும் சேர்ந்த முகாமைக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பாகும்.

கட்டடம் எழும் காணியே பலருக்குப் பங்குள்ளதாயின் என்னவாகும்? தேசவழமைக்கு உட்பட்ட காணியை ஒருவர் விற்க முற்படும்போது, அதனை முதலில் வாங்கும் உரிமையைப் பங்காளருக்கும், விற்பவரின் வாரிசாக வரத்தக்கோருக்கும் 1947ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கின்றது. அப்பங்காளர் இன்று ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழ்பவராக இருக்கலாம். அவருக்கு அறிவிக்காது எழுதப்பட்ட உறுதி பின்னர் வழக்கிற்கு இடமளிக்கும். அவ்வழக்கின் சுமை, ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்து மாடியில் குடியேறியவர் தலையிலும் விழக்கூடும்.

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டுமுள்ளோர் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. தொடர்மாடி வீட்டுக்கு நிபந்தனைகளுடன் விலக்களிக்கின்றது. தூரத்திலிருந்து வாங்கும் எம்மவர் இரட்டிப்புக் கவனம் கொள்ளவேண்டியது இதனாலேயே.

ஆகவே, முற்பணம் கொடுக்குமுன் காணியின் பழைய உறுதிகளையும் பதியப்பட்ட வரைபடத்தையும் நம்பகமான நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு பரிசோதிப்போமாக. மாடி எத்தனை உயர்ந்தாலும் உரிமை நிற்பது அடிக்காணியிலேயே.