வலைக்கும் உண்டு கடன் அட்டை

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. மயிலம், தீவனூர் எனப் பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து சேரும். கூடவே விவசாயக் குடும்பங்களும் வரும். அன்றைக்குக் கரையில் நின்று கும்பிடுகிறவர்களுக்கும், அங்கேயே படகும் வலையுமாக வாழ்கிறவர்களுக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. பருவம் தொடங்கும்போது கையில் முதல் இருக்காது.

சித்திரை பிறந்த மறுநாள், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். கட்டுமரம் போன்ற பாரம்பரியக் கலங்களுக்கு விலக்கு உண்டு. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. விதை நெல்லைக் குத்திச் சமைத்துவிட்டால் அடுத்த போகத்துக்கு என்ன செய்வது? கடலுக்கும் அதே கணக்குதான்.

தடைக்காலத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது. ஆனால் அது வீட்டுச் செலவுக்கே சரியாகிவிடும். தடை முடிந்து படகை இறக்க எஞ்சின் பழுது பார்க்க வேண்டும், வலை பின்ன வேண்டும், டீசலும் ஐஸும் வாங்க வேண்டும். கடற்கரை ஊர்கள் பலவற்றில் இந்தப் பணத்தை முன்பணமாகக் கொடுப்பவர் மீன் வியாபாரிதான். அவரிடம் வாங்கினால் பிடித்த மீனை அவருக்கே போட வேண்டும்; விலையும் அவர் சொல்வதுதான். மண்டியில் முன்பணம் வாங்கிய விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. விவசாயிகளுக்காக 1998-ல் வந்த கிசான் கடன் அட்டை, 2018-19 முதல் மீனவர்களுக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. டீசல், ஐஸ், ஆள் கூலி, படகு நிறுத்தும் கட்டணம் ஆகிய நடைமுறைச் செலவுகளுக்கு இதில் கடன் பெறலாம். வட்டி 7 சதவீதம். தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 சதவீதம்தான். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் தேவையில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாயை மாதம் மூன்று வட்டிக்கு வெளியே வாங்கினால் வருடத்துக்கு வட்டி மட்டும் 36,000 ரூபாய். கடன் அட்டையில் ஒழுங்காகக் கட்டினால் 4,000 ரூபாய்.

அப்படியிருந்தும் பலர் வங்கிப் பக்கம் போவதில்லை. காரணம் பெரும்பாலும் காகிதம்தான். படகு தாத்தா பெயரில் இருக்கும், பதிவு புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். சொந்தப் படகோ குத்தகைப் படகோ, அது பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். மீன்பிடி உரிமமும் வேண்டும். பட்டா மாற்றாமல் விட்ட நிலத்துக்கு உதவி கேட்டு அலைவதைப் போன்றதுதான் இதுவும். எனவே பெயர் மாற்றம், பதிவு வேலைகளை மாசியிலேயே மீன்வளத்துறை அலுவலகத்தில் தொடங்கிவிடுவது நல்லது. தடைக்காலத்தில் வங்கிக்குப் போகலாம். ஜூன் 14-க்குள் பணம் கைக்கு வந்துவிட வாய்ப்புண்டு.

வாசகர்களுக்கு எழக்கூடிய கேள்விகள்

கேள்வி: சொந்தப் படகு இல்லை. கூலிக்குத்தான் கடலுக்குப் போகிறேன். எனக்கு என்ன இருக்கிறது?

பதில்: பிரதமரின் மத்சய சம்பதா திட்டத்தில் குழு விபத்துக் காப்பீடு உண்டு. 18 முதல் 70 வயது வரை சேரலாம். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ 5 லட்சம் ரூபாய் கிடைக்கும். உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மீன்வளத்துறையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாரிசு பெயரையும் சரிபாருங்கள்.

கேள்வி: பாகூர் பக்கம் நெல் போடுகிறேன். இரண்டு கறவை மாடும் உண்டு. மாட்டுக்குத் தனிக் கடன் அட்டை வாங்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. ஏற்கெனவே பயிருக்கு அட்டை வாங்கிய வங்கியிலேயே மாட்டுத் தீவனச் செலவையும் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லையே?

பதில்: பயிர் பற்றி உங்கள் பகுதி உழவர் உதவியகத்தில் கேளுங்கள். கட்டணமில்லா கிசான் அழைப்பு மையம் 1800-180-1551 எண்ணில் தமிழிலேயே பதில் சொல்வார்கள். காப்பீடு செய்த பயிர் மழையில் மூழ்கினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் தெரிவித்துவிடுங்கள்.